பனியனில் பாயும் குதிரையும் எங்கள் மாமாவின் பிளசரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படிப்பீர்கள் என்று இன்று போடுகிறேன்.

போன வாரம் நம்மூர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். சிட்கோ பக்கம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் மாஸ்டராக இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கையில் ஒரு சாம்பிள் டி-சர்ட். நெஞ்சில் சிவப்புக் கார் ஒன்று, அதற்கு மேல் பாயும் குதிரை, கீழே 1967 என்று வருடம்.

"ஏனுங் சார், இந்தக் கார்ல அப்படி என்னங்க இருக்குது? வருசத்துக்கு ஒருக்காவாவது இந்த டிசைன் ஆர்டர் வந்துருதுங்க. ஆறு கலருக்கு ஆறு ஸ்கிரீன். எத்தனை ஆயிரம் பீஸ் அடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. நேர்ல ஒருக்காக்கூடப் பார்த்ததில்லீங்க. இது என்ன வெலைங்க சார்?"

அது மஸ்டங் என்று மட்டும் சொன்னேன். மீதிக்கு வீட்டில் போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வகுப்பில் தெரியாத கேள்வி வந்தால் நான் அப்படித்தான் சொல்வேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்கப் படிக்க எனக்கு எங்கள் பெரிய மாமாவின் பிளைமவுத் கார் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று இப்போது நினைக்கிறேன். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மஸ்டங்.

அமெரிக்காவில் 1964 முதல் 1970-களின் தொடக்கம் வரை வந்த சில கார்களை மசில் கார் என்று சொல்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் கட்டுமஸ்தான கார். செய்முறை எளிமையானது. நடுத்தர அளவுக் காரை எடுத்துக்கொள்வது. அதற்குள் பெரிய காருக்கு வைத்திருந்த பெரிய வி-8 இன்ஜினை வைப்பது. விலையை மட்டும் இளைஞர்கள் வாங்கும்படி வைப்பது. இந்த மூன்றாவது விஷயம்தான் முக்கியம். வேகமான கார்கள் அதற்கு முன்பும் இருந்தன. அவை பணக்காரர்களின் கார்கள்.

இதைத் தொடங்கி வைத்தது பாண்டியாக் ஜி.டி.ஓ. என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குள் நடுத்தரக் காரில் இத்தனை அளவுக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பாண்டியாக் பிரிவில் ஜான் டெலோரியன் தலைமையில் இருந்த பொறியாளர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். தனிக் காராக அறிவித்தால்தானே விதி தடுக்கும்? ஏற்கெனவே இருந்த காருக்கு, விருப்பப்பட்டவர்கள் கூடுதலாகக் கேட்டு வாங்கும் பொருளாக அந்த இன்ஜினை வைத்தார்கள். கூடுதல் விலை ஏறக்குறைய 296 டாலர். இன்ஜின் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் வருடமே 32,450 விற்றது.

325 என்றால் எவ்வளவு என்று நமக்குப் பிடிபட வேண்டும். அதே வருடம் நம் ரோட்டில் ஓடிய அம்பாசிடரின் இன்ஜின் ஒன்றரை லிட்டர், சுமார் 50 குதிரைத்திறன். ஆறு அம்பாசிடரை வரிசையாகக் கட்டி இழுத்தாலும் கொஞ்சம் குறையும்.

ஃபோர்டு கம்பெனி மஸ்டங்கை 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் பதிவு செய்தார்கள். இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் கார் விற்றுவிட்டது. சாதாரண மஸ்டங்கின் இன்ஜின் அவ்வளவு பெரியது அல்ல. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதை போனி கார், அதாவது குட்டிக்குதிரைக் கார் என்று தனியாகப் பிரிப்பார்கள். பெரிய இன்ஜின் வைத்த மஸ்டங்தான் மசில் கார் கணக்கில் வரும்.

ஏன் 1964? இதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாம் உலகப்போர் 1945-ல் முடிந்தது. போரிலிருந்து திரும்பியவர்கள் கல்யாணம் செய்து, 1946 முதல் அங்கே குழந்தைகள் மளமளவென்று பிறந்தன. அந்தக் குழந்தைகளுக்கு 18 வயது ஆன வருடம் 1964. பெட்ரோல் ஒரு கேலன், அதாவது மூன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், ஏறக்குறைய 30 சென்ட்தான். வேலையும் கிடைத்தது.

இங்கேதான் நம் பிரிண்டிங் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. அன்றைக்கு அமெரிக்கக் கார் தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சராசரியாக மணிக்கு 3 டாலருக்குச் சற்று மேல் கூலி. 3 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் 40 மணி நேரம் என்றால் 120 டாலர். 2,368-ஐ 120-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 வாரம். அதாவது மஸ்டங்கைப் பூட்டிய ஆள், தன் ஐந்து மாதக் கூலிக்குச் சமமான விலையில் அதே மஸ்டங்கை வாங்க முடிந்தது. தவணையிலும் கொடுத்தார்கள். காலையில் தொழிற்சாலையில் போல்ட் முடுக்கிய கை, சாயங்காலம் அதே காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தது. அந்தக் கார் மேல் அவர்களுக்கு இன்றும் தீராத பிரியம் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பிளைமவுத் கம்பெனி இதை இன்னும் தெளிவாகப் புரிந்துகொண்டது. 1968-ல் ரோட் ரன்னர் என்று ஒரு கார் விட்டார்கள். தரையில் கார்ப்பெட் கிடையாது, ரப்பர் விரிப்புதான். சொகுசு எதுவும் இல்லை. காசெல்லாம் இன்ஜினுக்கு. 335 குதிரைத்திறன், விலை 3,000 டாலருக்குள். கார்ட்டூனில் ஓடும் அந்தப் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த 50,000 டாலர் கொடுத்து உரிமை வாங்கினார்கள். ஹார்னும் அந்தப் பறவையைப் போலவே 'பீப் பீப்' என்று கத்தும். 20,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஏறக்குறைய 45,000 விற்றது.

பிளைமவுத் என்ற பெயரைப் படித்ததும்தான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. இனி நம்மூருக்கு வருவோம்.

என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அன்றைக்கு நம் பக்கம் யாரும் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளசர் என்பார்கள். ஆங்கிலத்தில் சரக்கு வண்டியிலிருந்து பிரித்துக் காட்ட 'பிளெஷர் கார்' என்று சொன்ன பழைய சொல்தான் நம் வாயில் பிளசர் ஆனது. "பிளசர் வருதுடோய்" என்று ஒருவன் கத்தினால் போதும், வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலுக்குப் போய்விடுவார்கள்.

அந்த பிளசர்களில் அமெரிக்கக் கார்கள் நிறைய. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாயில் பாகங்களைக் கொண்டுவந்து கார் பூட்டியது. ஃபோர்டும் இந்தியாவில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டுமே கார் தயாரிக்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 1950-களின் நடுவில் அந்த இரண்டு கம்பெனிகளும் கிளம்பிவிட்டன. வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, கிரைஸ்லர் உரிமத்தோடு 1947 முதல் பம்பாய் குர்லாவில் சில காலம் அமெரிக்கக் கார்களைப் பூட்டி வந்தது. பிளைமவுத், டாட்ஜ், டி சோட்டோ என்று மூன்று பெயர். உள்ளே பார்த்தால் ஏறக்குறைய ஒரே கார், முகமும் பெயரும்தான் வேறு. பிறகு அதுவும் நின்று ஃபியட் வந்தது. அதன் பின் இறக்குமதிக்குக் கதவு அடைத்தாயிற்று. அமெரிக்காவில் மசில் கார் பிறந்த வருடத்தில் நமக்குக் கிடைத்தவை அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவற்றுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இம்பாலா மாதிரி பெரிய கார்களைச் சினிமாவில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் பழைய அமெரிக்கக் கார் வைத்திருந்தவர்கள் அதை விடவில்லை. கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி மூன்றாவது கையாக எங்கள் பெரிய மாமாவிடம் வந்ததுதான் 1954 பிளைமவுத். 1966-ல் கோயமுத்தூரில் வாங்கி வந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. அடர்பச்சை நிறம். பானட் மூக்கில் ஒரு சின்னப் பாய்மரக் கப்பல். அமெரிக்காவுக்கு முதலில் குடியேறப் போனவர்களின் மேஃப்ளவர் கப்பல் அது என்று நான் வாத்தியார் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் கப்பல். கடலையே பார்க்காத பிள்ளைகள் நாங்கள். எங்கள் ஊரில் இருந்த ஒரே கப்பல் அதுதான்.

இன்ஜின் ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர், ஏறக்குறைய நூறு குதிரைத்திறன். மசில் கார் கிடையாது. ஆனால் நம் ரோட்டுக்கு அது யானை. கியர் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். முன்சீட் பெஞ்சு மாதிரி நீளமாக ஒரே சீட். சிவன்மலை தைப்பூசத் தேருக்கு அதில் பதினான்கு பேர் போனோம் என்று என் தங்கை சொல்வாள், பன்னிரண்டு என்று நான் சொல்வேன். மடியில் வைத்திருந்த குழந்தைகளைச் சேர்ப்பதா இல்லையா என்பதில்தான் சண்டை.

மாமா அதை வாடகைக்கு விட்டார். சுற்று வட்டாரத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த பிளசர்தான். பிரசவ வலி என்றால் ராத்திரி எந்நேரமானாலும் வந்து கதவைத் தட்டுவார்கள். அதற்குக் காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை. "ஏஞ்சாமி, பொறக்கற கொளந்தைக்கிட்டப் போயி வாடகை கேக்கறதா?" என்பார். இதைப் படிக்கிறவர்களில் இரண்டு மூன்று பேராவது அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போன தாய்மாருக்குப் பிறந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

வைத்திருந்து பார்த்தால்தான் தெரியும் அதன் பாடு. பேட்டரி 6 வோல்ட். மார்கழிக் குளிரில் முக்கும், முனகும், கிளம்பாது. நாங்கள் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளுவோம். சித்திரை வெயிலில் வேறு பிரச்சினை. பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாயில் வரும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி காங்கேயம் ரோட்டில் நட்ட நடுவில் நின்றுவிடும். மாமா பதற மாட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து பனியன் வேஸ்ட்டை எடுப்பார், தண்ணீரில் நனைத்து பம்பைச் சுற்றிக் கட்டுவார், பத்து நிமிடம் புளியமரத்தடியில் உட்காருவார். பிறகு வண்டி கிளம்பிவிடும். டெட்ராய்ட்டில் வரைபடம் போட்ட இன்ஜினைத் திருப்பூர் பனியன் துணிதான் நம் வெயிலில் ஓட வைத்தது.

உதிரிப் பாகம் கிடைக்காது. மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடுவார். அங்கும் இல்லை என்றால் தேய்ந்த பாகத்தைத் துணியில் முடிந்துகொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறுவார். அங்கே லேத் பட்டறையில் அதைப் பார்த்து அதே மாதிரி கடைந்து கொடுத்துவிடுவார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடு பிறந்த வட்டாரம் அல்லவா? இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கப் பயப்படாத ஊர் அது. பத்து வருடத்தில் அந்த பிளைமவுத்துக்குள் எத்தனை பாகம் அமெரிக்கா, எத்தனை பாகம் பீளமேடு என்று மாமாவுக்கே கணக்குத் தெரியாது.

இப்போது 1973-க்கு வருகிறேன். இரண்டு கதைகளும் சேரும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் அதற்கு முன்பே மசில் காருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இன்ஜினுக்குக் கொடுத்த கவனத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் அவர்கள் கொடுக்கவில்லை. விபத்துகள் கூடின. இளைஞர்கள் இந்தக் கார் வாங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றித் தீட்டின. 1970-ல் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டம் கடுமையாக வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதத்தில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. அமெரிக்காவில் பெட்ரோல் பங்கில் நீண்ட வரிசை. லிட்டருக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர் ஓடும் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1974 மாடல் மஸ்டங்கில் வி-8 இன்ஜினே கிடையாது. சாதாரண மாடலில் நாலு சிலிண்டர், 90-க்கும் குறைந்த குதிரைத்திறன். பாயும் குதிரைப் படம் மட்டும் அப்படியே இருந்தது.

அதே எண்ணெய் விலை இங்கேயும் வந்தது. 1973 நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போன படத்தைப் பேப்பரில் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம் வீட்டு பிளசருக்கும் அதே கதி. வாடகைக் காசு பெட்ரோலுக்கே போதவில்லை. வாடகையை ஏற்றினால் ஆள் வருவதில்லை. அப்போது இதே மாதிரி பெரிய கார் வைத்திருந்த பலரும் ஒரு வேலை செய்தார்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, சென்னை சிம்சன் கம்பெனியில் செய்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை வாங்கி உள்ளே வைத்தார்கள். மாமாவும் 1974-ல் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி வைத்தார். சக்தி பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. மைலேஜ் இரண்டு மடங்கானது. ஆடாமல் அசையாமல் தேர் மாதிரி போய்க்கொண்டிருந்த வண்டி, டிராக்டர் மாதிரி தடதடவென்று ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தில் ஒரு நாள் மூக்கிலிருந்த கப்பல் ஸ்குரூ கழன்று விழுந்தது.

ஆக, டெட்ராய்ட் மஸ்டங்கும் முதலிபாளையம் பிளைமவுத்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தங்கள் இன்ஜினை இழந்தன. சரித்திரப் பாடத்தில் எண்ணெய் நெருக்கடி என்று இரண்டு வரி படித்துவிட்டுப் போகிறோம். அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒவ்வொரு மாதிரி நுழைந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் எப்படி நுழைந்தது என்பதை இத்தனை வருடம் யாரும் வெளியே பேசியதில்லை. அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த டீசல் இன்ஜின் வாங்கிய பணம் அத்தையின் ஏழு பவுன் நகை. அடகு வைத்தது வைத்ததுதான், திரும்பவில்லை. வட்டி கட்டுவதற்காக அத்தை எருமை வைத்துப் பால் ஊற்றினார். ராத்திரியில் பனியன் கம்பெனியிலிருந்து வரும் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்தார். போன வாரம் போய்க் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க மாமன் பிளசரு ஓட்டுனாரு கண்ணு, வட்டிய நான் ஓட்டுனேன்."

கோபமா அத்தை என்று கேட்டேன். "கோவமில்லாம என்ன? ஆனா ஒண்ணு, நானும் முன்சீட்டுல உக்காந்து பழனிக்குப் போனவ. அந்த ஊருல வேற எந்தப் பொம்பளையும் முன்சீட்டுல உக்காந்து போனதில்ல, தெரிஞ்சுக்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

1980 வாக்கில் மாமா காரை எடைக்குப் போட்டார். டீசல் இன்ஜினை மட்டும் ஒருவர் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்க வாங்கிக்கொண்டு போனார். பின்சீட்டைக் கழற்றித் திண்ணையில் போட்டிருந்தார்கள். மாமா கடைசிக் காலம் வரை அதில்தான் படுத்திருந்தார். ஸ்பிரிங் குத்தும், மாற்றலாம் என்றால் கேட்க மாட்டார்.

எடைக்குப் போடாமல் வைத்திருந்தவர்கள் கதை ஒன்றும் படித்தேன். 1968-ல் புல்லிட் என்று ஒரு படம். ஸ்டீவ் மெக்வீன் ஒரு பச்சை மஸ்டங்கில் சான் பிரான்சிஸ்கோ மேடு பள்ளத்தில் துரத்திக்கொண்டு போவார். அந்தக் காரை 1974-ல், ஆமாம், அதே வருடத்தில், ஒரு குடும்பம் பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா ஒரு பள்ளி ஆசிரியை. அந்தக் காரில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்! 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதி, எனக்கு அந்தக் காரைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போனதும் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். பல வருடம் கழித்து மகன் சரிசெய்து வெளியே காட்டினார். 2020 ஜனவரியில் ஏலத்தில் 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஏலத் தொகை அல்ல. நோட்டுத் திருத்தும் கட்டைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஒரு வாத்தியாரம்மா அந்தக் காரில் போனாரே, அதுதான்.

இப்போது மாஸ்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்ன விலை?

2015 மாடலில்தான் முதன்முதலாக மஸ்டங்கை வலது பக்க ஸ்டீயரிங்கோடு தொழிற்சாலையிலேயே செய்தார்கள். 2016 ஜூலையில் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை 65 லட்சம் ரூபாய், ரோட்டு வரியெல்லாம் தனி. மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். 260 மாதம். 21 வருடம் 8 மாதம், ஒரு டீ கூடக் குடிக்காமல்.

இது நியாயமான கணக்கு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். இறக்குமதிக் கார், வரியே விலைக்குச் சமம். சரி, இங்கேயே செய்யும் சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். 5 லட்சம் என்றால் 20 மாதச் சம்பளம். அன்றைய டெட்ராய்ட் தொழிலாளிக்கு மஸ்டங் ஐந்து மாதம். இந்த வித்தியாசத்தை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க செஞ்சத அவங்களே வாங்க முடிஞ்சிருக்குதுங்க சார். நாம அடிக்கற டி-சர்ட்டே அங்க என்ன வெலைக்கு விக்குதுன்னு டேக்ல பார்த்தா நமக்கு மயக்கம் வருது. நமக்கு வேணும்னா காதர்பேட்டைல செகண்ட்ஸ்தான்" என்றார்.

அவர் சொன்னதை நான் நிறைய யோசித்தேன். டெட்ராய்ட்டைப் பார்த்துப் பொறாமைப்படவும் முடியவில்லை. 1950-ல் அந்த நகரத்தில் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஆறரை லட்சம்கூட இல்லை. 2013-ல் நகராட்சியே திவாலானது. டி சோட்டோ 1960-லும், பிளைமவுத் 2001-லும், பாண்டியாக் 2010-லும் காணாமல் போன பெயர்கள். ஒரே தொழிலை நம்பிய ஊர் அது. நம் ஊரும் அப்படித்தான். வெளியூர் ஆர்டர் ஒரு சீசன் குறைந்தால் நம் தெருவில் மளிகைக் கடைப் பாக்கி ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஊர் நன்றாக இருந்த காலத்தில் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது. சங்கம் வைத்து, போராடி, பேசி, செய்கிறவன் வாங்கும் அளவுக்குக் கூலியை வாங்கியது. என் மாணவர்களில் பனியன் கம்பெனித் தொழிலாளிகளும் இருக்கிறீர்கள், கம்பெனி நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் இரண்டு பேரும் மனதில் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி வாங்குங்கள், ஆசைப்படுங்கள், தப்பில்லை. தவணை எத்தனை என்று பார்க்கும்போதே, அந்தத் தவணையை வீட்டில் யார் ஓட்டப்போகிறார்கள் என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அத்தை சார்பாகச் சொல்கிறேன்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோயமுத்தூர் அவிநாசி ரோட்டிலுள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய் வாருங்கள். பல நாட்டுப் பழைய கார்களைப் பராமரித்து வைத்திருக்கிறார்கள். மாஸ்டரையும் அவர் மகனையும் நான் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, சொந்தபந்தங்களுக்கு இரண்டு கேள்வி. ஒன்று, 1966-லிருந்து 1980-க்குள் நடந்த உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பச்சை பிளசர் எங்காவது நிற்கிறதா? கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கும், கார் கறுப்பாகத் தெரியும், மூக்கில் கப்பல் இருந்தால் நம்முடையது. இரண்டு, கழன்று விழுந்த அந்தக் கப்பலை மாமா எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தார், பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. யார் எடுத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரு நாள் கொண்டுவந்து அத்தையிடம் காட்டிவிட்டு, நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள். அது அவருடைய ஏழு பவுன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
முதலிபாளையம்